வெள்ளிச் சுரங்கத்தின் வைத்தியர்: ஜோர்ஜியஸ் அக்ரிகோலா

இலங்கையின் செய்திகளில் நாள்தோறும் அடிபடும் சொற்களில் ஒன்று டொலர். அந்தச் சொல் அமெரிக்காவில் பிறந்ததல்ல. இன்றைய செக் குடியரசின் வடமேற்கில், ஜேர்மனியின் எல்லையை ஒட்டி நீளும் மலைத்தொடரில் ஓர் ஒடுங்கிய பள்ளத்தாக்கு இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அங்கு குடியேறிய ஜேர்மன் மொழி பேசும் மக்கள் அதனை யோவாகிம்ஸ்தால் என்று அழைத்தார்கள். புனித யோவாகிமின் பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். அங்கு தோண்டியெடுத்த வெள்ளியில் அடித்த நாணயத்துக்கு யோவாகிம்ஸ்தாலர் என்று பெயர் வந்தது. பெயர் நீளமாக இருந்ததால் மக்கள் அதைத் தாலர் என்று சுருக்கினார்கள். தாலர் நாட்டுக்கு நாடு திரிந்து டொலர் ஆனது.

அந்த வெள்ளியால் யார் செல்வந்தரானார்கள், எந்த அரசர் எவ்வளவு வரி பெற்றார் என்பதற்கெல்லாம் கணக்குகள் உண்டு. ஆனால் அந்த மலைக்குள் இறங்கி வேலை செய்தவர்களின் மூச்சுக்கு என்ன நடந்தது என்பதை எழுதி வைக்க ஒரு வைத்தியர் தேவைப்பட்டார். அவர் பெயர் ஜோர்ஜியஸ் அக்ரிகோலா. கனிமவியலின் தந்தை என்று பாடநூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. அவரது வாழ்க்கையை முழுவதுமாகப் பார்த்தால், அந்தப் பட்டத்துக்குள் அடங்காத ஒரு மனிதரைக் காணலாம். சுரங்கத்தில் பங்கு வைத்திருந்த முதலீட்டாளரும், சுரங்கத் தொழிலாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்த வைத்தியரும் அவருக்குள் ஒன்றாகவே வாழ்ந்தார்கள்.

துணி வணிகரின் மகன்

1494 மார்ச் 24ஆம் திகதி, ஜேர்மனியின் சக்சனிப் பகுதியிலுள்ள கிளௌகாவ் என்ற சிறு நகரில் அவர் பிறந்தார். தந்தை துணி நெய்து சாயமிட்டு விற்கும் தொழில் செய்தவர். பெற்றோர் வைத்த பெயர் கேயோர்க் பவர். பவர் என்றால் ஜேர்மன் மொழியில் விவசாயி. படித்தவர்கள் தம் பெயரை இலத்தீனுக்கு மாற்றிக்கொள்வது அக்கால வழக்கம். விவசாயிக்கு இலத்தீனில் அக்ரிகோலா. அப்படித்தான் கேயோர்க் பவர், ஜோர்ஜியஸ் அக்ரிகோலா ஆனார்.

லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இலத்தீனும் கிரேக்கமும் கற்றார். 1518 இல் ஸ்விக்காவ் நகரப் பாடசாலையில் கிரேக்க ஆசிரியராகச் சேர்ந்தார். அவர் வெளியிட்ட முதல் நூல் இலத்தீன் இலக்கணம் பற்றியது. அது 1520 இல் வெளிவந்தது.

அப்போது ஜேர்மன் நாடுகள் கொதித்துக்கொண்டிருந்தன. 1517 இல் மார்ட்டின் லூதர் தொடங்கிய சமயச் சீர்திருத்தம் ஊருக்கு ஊர் பரவியது. ஸ்விக்காவில் தோமஸ் முன்ற்ஸர் என்ற தீவிரப் போதகர் ஏழைத் தொழிலாளரைத் திரட்டி, பிரபுக்களுக்கும் குருமாருக்கும் எதிராகப் பேசினார். திருச்சபையில் சீர்கேடுகள் இருப்பதை அக்ரிகோலா மறுக்கவில்லை. ஆனாலும் பழைய கத்தோலிக்க சபையை விட்டு அவர் விலகவுமில்லை. இந்தத் தீர்மானம் அவரது பிணத்தையும் பின்தொடரும் என்று அப்போது எவரும் நினைத்திருக்க முடியாது.

1522 இல் ஸ்விக்காவை விட்டு மீண்டும் லைப்சிக் சென்றார். அங்கிருந்து இத்தாலி போனார். பொலோனாவிலும் வெனிஸிலும் தங்கி வைத்தியம் கற்றார். வெனிஸில் அல்டஸ் அச்சகம் பண்டைய கிரேக்க வைத்தியர் கேலனின் நூல்களை மூல மொழியிலேயே அச்சிட்டுக்கொண்டிருந்தது. 1525 இல் வெளிவந்த அந்தப் பதிப்பைச் செம்மைப்படுத்திய குழுவில் அக்ரிகோலாவும் இருந்தார்.

அந்த வேலை அவருக்கு ஒரு சிக்கலைக் காட்டியது. பழைய நூல்கள் கல்லையும் மண்ணையும் உலோகச் சாம்பலையும் மருந்தாகச் சொல்கின்றன. ஆனால் அந்தப் பெயர்கள் எந்தக் கல்லைக் குறிக்கின்றன என்பது ஐரோப்பாவில் எவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. நூலில் இருக்கும் பெயருக்கும் நிலத்தில் இருக்கும் பொருளுக்கும் இடையே 1,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி விழுந்திருந்தது. நூலகத்தில் உட்கார்ந்து அதை நிரப்ப முடியாது. கல் கிடக்கும் இடத்துக்கே போகவேண்டும்.

வெள்ளி பொங்கிய பள்ளத்தாக்கு

அவர் தேர்ந்த இடம் யோவாகிம்ஸ்தால். சக்சனிக்கும் பொஹீமியாவுக்கும் நடுவே நிற்கும் மலைத்தொடருக்குத் தாது மலைகள் என்றே பெயர். 1516 இல் அங்கு வெள்ளி கண்டெடுக்கப்பட்டதும், ஷ்லிக் என்ற பிரபுக் குடும்பம் சுரங்கங்களைத் திறந்தது. வனத்துக்குள் இருந்த சிறு குடியிருப்பு நாலைந்து ஆண்டுகளில் நகரமானது. 1530களில் அங்கு 18,000 பேர் வரையில் வாழ்ந்தார்கள். பொஹீமியாவில் பிராக் நகருக்கு அடுத்த பெரிய நகரம் அதுதான்.

இந்தச் செல்வத்தின் வரலாறு மனிதர் அங்கு வருவதற்கு மிக முன்னரே தொடங்குகிறது. சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்திலிருந்து உருகிய பாறைக்குழம்பு மேலெழுந்து, காக்காப்பொன் மினுங்கும் பழைய படலப் பாறைகளுக்குள் நுழைந்து, மெல்ல ஆறிக் கிரனைட் ஆனது. மலைகள் அசைந்தபோது பாறைகளில் வெடிப்புகள் விழுந்தன. அந்த வெடிப்புகளில் சூடான நீர் ஓடியது. வழியிலிருந்த பாறைகளிலிருந்து உலோகங்களைக் கரைத்துக்கொண்டு வந்த அந்த நீர், சூடும் இரசாயன நிலையும் மாறிய இடங்களில் அவற்றைப் படியவிட்டது. இப்படிப் பாறைக்குள் நரம்புபோல் ஓடும் படிவுதான் தாது நாளம்.

இது ஒரே தடவையில் நடந்ததல்ல. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நீர் ஓடியதால், ஒரே நாளத்துக்குள் வெள்ளி, கோபால்ட், நிக்கல், பிஸ்மத், யுரேனியம் ஆகிய ஐந்தும் ஆசனிக்குடன் பின்னிக் கிடக்கின்றன. இடையிடையே ஈயம், நாகம், செப்புத் தாதுக்களும் உண்டு. யோவாகிம்ஸ்தாலில் வடக்குத் தெற்காக ஓடும் நாளங்களே வெள்ளி மிகுந்தவை. மேற்பகுதியில் வெள்ளி தனி உலோகமாக, கம்பியாகவும் மயிராகவும் சுருண்டு கிடந்தது. ஆழம் போகப்போக அது மெலிந்தது.

முதலில் வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போனதற்கும், பின்னால் வந்தவர்கள் உயிரைக் கொடுத்துத் தோண்டவேண்டி வந்ததற்கும் இதுவே காரணம். 1525 இல் விவசாயிகள் ஜேர்மன் நாடுகளெங்கும் கிளர்ந்தெழுந்தபோது, யோவாகிம்ஸ்தால் சுரங்கத் தொழிலாளரும் எழுந்து நகர மண்டபத்துக்குள் புகுந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1527 இல், அக்ரிகோலா அங்கே நகர வைத்தியராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் திருமணமும் செய்துகொண்டார்.

வைத்தியர் மலைக்குள் இறங்கினார்

நோயாளரைப் பார்த்து முடித்த நேரமெல்லாம் அவர் சுரங்கங்களிலும் உருக்காலைகளிலும் இருந்தார். தாதைத் தேடுபவர், பாறை உடைப்பவர், நீர் இறைப்பவர், தாதைக் கழுவுபவர், உலை மூட்டுபவர் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். கிரேக்கமும் இலத்தீனும் தெரிந்த ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியின் அறிவை அறிவாக ஏற்றுக்கொண்டு கேட்டது அந்தக் காலத்தில் அரிது. பல்கலைக்கழக அறிஞர்கள் கல்லைப் பற்றி எழுதுவதற்கு முன்னைய நூல்களையே புரட்டினார்கள். அக்ரிகோலாவோ கல்லைக் கையில் எடுத்தவரிடம் போனார்.

அதன் முதல் பயன் பெர்மன்னுஸ் என்ற சிறு நூல். யோவாகிம்ஸ்தாலின் சுரங்க நிபுணர் ஒருவரை மாதிரியாக வைத்து எழுதப்பட்ட உரையாடல் அது. இரண்டு வைத்தியர்கள் மலையில் நடந்துகொண்டே கேள்வி கேட்க, சுரங்கம் தெரிந்த பெர்மன்னுஸ் பதில் சொல்கிறார். படித்தவர்கள் கேட்பவர்களாகவும் தொழில் தெரிந்தவர் ஆசிரியராகவும் அமைந்த அந்த ஏற்பாட்டிலேயே நூலின் நிலைப்பாடு தெரிகிறது. பிஸ்மத் என்பது ஈயமும் அல்ல, வெள்ளீயமும் அல்ல, தனியான ஓர் உலோகம் என்ற சுரங்கத்தாரின் அறிவு இந்த நூல்வழியே அறிஞர் உலகுக்குப் போனது. 1530 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் ஃபுரோபன் அச்சகம் அதை வெளியிட்டது. அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற அறிஞரான எரஸ்மஸ் அதற்கு முன்னுரைக் கடிதம் எழுதினார்.

யோவாகிம்ஸ்தாலில் அவர் இருந்தது நான்கு ஆண்டுகள் அளவில்தான். அந்தக் காலத்தில் அருகிலுள்ள ஒரு வெள்ளிச் சுரங்கத்தில் பங்கும் வாங்கினார். இறைவனின் கொடை என்பது அந்தச் சுரங்கத்தின் பெயர். அது அவருக்கு நல்ல வருமானம் தந்தது. அதன்பின் சக்சனியின் கெம்னிற்ஸ் நகரில் வைத்தியராகக் குடியேறி, இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார்.

கல்லைப் படிக்கும் முறை

1546 இல் அவரது நிலவியல் நூல்கள் ஒரே தொகுதியாக வந்தன. அவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று கனிமங்களின் இயல்பு பற்றியது. அதுவரை கற்களை அகர வரிசையிலோ அவற்றின் மந்திர சக்தியைக் கொண்டோ பட்டியலிடுவதே வழக்கம். அக்ரிகோலா நிறம், பாரம், பளபளப்பு, ஒளி ஊடுருவும் தன்மை, கடினம், சுவை, மணம், வடிவம் ஆகியவற்றைக் கொண்டு வகைப்படுத்தினார். இவை எல்லாம் சுரங்கத் தொழிலாளி இருட்டில், கைவிளக்கின் வெளிச்சத்தில், ஒரு கல்லை எடுத்துப் பார்த்து, தடவி, நக்கிப் பார்த்து அறியக்கூடிய குணங்கள். இன்றும் நிலவியல் மாணவர் களத்தில் ஒரு கனிமத்தை அடையாளம் காண்பது ஏறத்தாழ இதே வழியில்தான்.

மற்ற நூல் தாதுக்கள் எப்படி உருவாகின்றன என்பது பற்றியது. உலகம் படைக்கப்பட்டபோதே தாது நாளங்களும் படைக்கப்பட்டன என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. பாறை முதலில் வந்தது, வெடிப்பு பின்னால் விழுந்தது, அந்த வெடிப்பில் ஓடிய நீர்தான் தாதைக் கொண்டுவந்து படியவிட்டது என்று வாதிட்டார். எல்லா உலோகமும் பாதரசத்தாலும் கந்தகத்தாலும் ஆனது என்ற இரசவாதிகளின் கொள்கையையும், உலோகங்களைக் கோள்கள் வளர்க்கின்றன என்ற சோதிடக் கொள்கையையும் மறுத்தார். அந்த நீர் எங்கிருந்து வந்தது, எப்படிச் சூடேறியது என்பதில் அவர் சொன்ன விளக்கங்கள் இன்று நிற்காது. ஆனால் நாளம் பாறையைவிட இளையது, அதைக் கொண்டுவந்தது கரைசல் என்ற அடிப்படை சரியானது.

பிளவுபட்ட குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் தாது இருக்கும் இடத்தில் அது தானாகத் திரும்பும் என்ற நம்பிக்கை சுரங்கத்தாரிடம் பரவலாக இருந்தது. தொழிலாளரின் சொல்லை மதித்த அக்ரிகோலா இதை மட்டும் ஏற்கவில்லை. நாளத்தைத் தேடுபவர் நிலத்தின் இயற்கையான அடையாளங்களைப் பார்க்கவேண்டும், குச்சி எதற்கும் உதவாது என்று எழுதினார். கேட்பது என்றால் கேட்டதையெல்லாம் நம்புவது அல்ல என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

இருபது ஆண்டு உழைப்பு

அவரது பெரும் படைப்பு டி ரே மெட்டாலிக்கா. உலோகத் தொழில் பற்றியது என்று பொருள். 12 பகுதிகள் கொண்டது. யோவாகிம்ஸ்தாலில் தொடங்கிய குறிப்புகள் 1550 இல்தான் நூலாக முடிந்தன.

சுரங்கத்தில் பேசப்பட்டது ஜேர்மன் மொழி. அறிஞர் உலகின் மொழி இலத்தீன். பண்டைய ரோமருக்குத் தெரியாத இயந்திரங்களுக்கும் உலைகளுக்கும் இலத்தீனில் பெயரே இல்லை. நூற்றுக்கணக்கான சொற்களை அவர் தாமே ஆக்கவேண்டியிருந்தது. இலத்தீன் சொல்லுக்கு நேரே ஜேர்மன் சொல் தரும் ஒரு சொற்பட்டியலையும் வெளியிட்டார். சொல் மட்டும் போதாது என்று தெரிந்ததால், தம் செலவில் ஓவியரை அமர்த்திப் படங்களும் வரைவித்தார். ஏறத்தாழ 290 மரச்செதுக்குப் படங்கள் நூலில் உள்ளன. மலையை வெட்டிக் காட்டினாற்போல் வரையப்பட்ட அந்தப் படங்களில் ஏணியில் இறங்குபவர், சக்கரம் சுற்றுபவர், தாது பொறுக்கும் பெண்கள், உணவருந்தும் உலைக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள்.

தாதை நாடுவது முதல் உலோகத்தைப் பிரிப்பது வரை ஒவ்வொரு வேலையும் அதில் விளக்கப்படுகிறது. பாறை உடையாத இடத்தில் விறகை அடுக்கி எரித்து, சூட்டால் பாறையை வெடிக்கச் செய்தார்கள். அந்தப் புகை நச்சானது, அது வெளியேறும்வரை எவரும் இறங்கக்கூடாது என்று அக்ரிகோலா எச்சரிக்கிறார். ஆழத்தில் ஊறும் நீரே சுரங்கத்தின் பெரும் எதிரி. அதை இறைக்கப் பம்பிகளும், இருபுறமும் திருப்பிச் சுழற்றக்கூடிய 36 அடி விட்டமான நீர்ச்சக்கரமும் காட்டப்படுகின்றன. காற்றோட்டத்துக்குத் துருத்திகளும் விசிறிகளும் இருந்தன. எதுவும் இல்லாத இடத்தில் துணியை ஆட்டிக் காற்று வரவழைத்தார்கள்.

வேலை நேரத்தையும் அவர் எழுதி வைத்தார். ஒரு நாளில் மூன்று முறை மாற்றம், ஒவ்வொன்றும் ஏழு மணிநேரம். இரவு வேலைக்காரர் தூக்கம் வராதிருக்கப் பாடிக்கொண்டே பாறை உடைத்தார்கள். சில இடங்களில் ஒருவர் அடுத்தடுத்து இரண்டு முறை வேலை செய்யத் தடை இருந்தது, களைப்பில் தூங்கிவிடுவார் என்பதால். வேறு சில இடங்களில் அதை அனுமதித்தார்கள். ஒரு முறைக்கான கூலியில், அதுவும் உணவுப் பொருள்களின் விலை ஏறிய காலத்தில், வாழமுடியாது என்பதே காரணம். சுரங்க நுட்பம் பற்றிய ஒரு நூலில் இந்த வரிக்கு இடம் கொடுத்தவர், கூலியாளின் வீட்டு அடுப்பையும் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

ஏழு முறை விதவையானவர்கள்

நூலின் ஆறாவது பகுதியின் முடிவில் வைத்தியர் முன்னுக்கு வருகிறார். ஆதாயத்தைத் தேடுவதைவிட உடல் நலத்தைக் காப்பதிலேயே மனிதர் கூடிய கவனம் செலுத்தவேண்டும் என்று சொல்லி, சுரங்க நோய்களை வரிசையாக எழுதுகிறார்.

குளிர்ந்த நீரில் நின்று வேலை செய்வதால் மூட்டுகள் கெடுகின்றன. அதற்கு உயரமான தோல் காலணி வேண்டும். கோபால்ட் கலந்த தாது கையையும் காலையும் அரிக்கிறது. அதற்குக் கையுறை வேண்டும். நீர் இல்லாத சுரங்கங்களில் எழும் தூசு மூச்சுக்குழாய்க்குள் போய், நுரையீரலில் இறங்கி, மூச்சுத்திணறலை உண்டாக்கி, இறுதியில் நுரையீரலையே தின்றுவிடுகிறது. அதற்கு முகத்தில் துணித்திரை கட்டவேண்டும். காற்றோட்ட இயந்திரங்கள் வேண்டும்.

கார்பேதிய மலைகளின் சுரங்க ஊர்களில் ஏழு கணவர்களை மணந்து, ஏழு பேரையும் இந்த நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் இருந்ததை அவர் பதிவு செய்கிறார். ஜேர்மனியின் கொஸ்லார் நகரை அடுத்த ரம்மல்ஸ்பெர்க்கும் வெள்ளி, ஈயம், செப்பு தரும் பழைய சுரங்கம். அங்கு மலை சரிந்து ஒரே நாளில் 400 பெண்கள் விதவையானதாகக் கேள்விப்பட்டதையும் எழுதுகிறார். இரண்டு இடத்திலும் அவர் இறந்தவர்களை எண்ணாமல், எஞ்சிய பெண்களைக் கொண்டே இழப்பை அளந்திருக்கிறார். சுரங்க முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இல்லாத ஒரு அளவுகோல் இது.

அதே நூலின் முதற்பகுதியில் வேறொரு அக்ரிகோலாவைச் சந்திக்கிறோம். அங்கு அவர் சுரங்கத் தொழிலுக்காக வழக்காடுகிறார். தொழிலை எதிர்ப்பவர்களின் குற்றச்சாட்டுகளை முதலில் நேர்மையாக அடுக்குகிறார். விறகுக்காகக் காடுகள் அழிகின்றன. காடு போனதும் பறவையும் விலங்கும் போகின்றன. தாது கழுவிய நீர் ஆறுகளை நஞ்சாக்கி மீனைக் கொல்கிறது. வளமான வயலைத் தோண்டக்கூடாது என்று இத்தாலியில் சட்டமே இருந்தது. இவ்வளவையும் 16ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஒருவர் அச்சில் ஏற்றியிருக்கிறார்.

அவரது பதில்கள் அந்தக் குற்றச்சாட்டுகள் அளவுக்கு வலுவானவை அல்ல. சுரங்கங்கள் பெரும்பாலும் விளைச்சலற்ற மலைகளிலேயே இருக்கின்றன, மரம் வெட்டிய இடத்தில் தானியம் விதைக்கலாம், போன பறவைக்கும் மீனுக்கும் பதிலாக உலோகம் விற்ற காசில் வேறு இடத்திலிருந்து வாங்கலாம் என்கிறார். மீனை இழந்தவரும் காசைப் பெற்றவரும் ஒருவரே அல்லர் என்பதை அவர் கவனிக்கவில்லை. விபத்துகளைப் பற்றிக்கூட, அவை அரிதாக நடப்பவை, தொழிலாளரின் கவனக்குறைவால் வருபவை என்று கடந்து போகிறார். முதற்பகுதியில் பேசுவது இறைவனின் கொடை சுரங்கத்தின் பங்குதாரர். ஆறாவது பகுதியில் பேசுவது யோவாகிம்ஸ்தாலின் வைத்தியர். ஒருவர் மற்றவரைத் திருத்தவில்லை. ஆனால் வைத்தியர் கண்டதைப் பங்குதாரர் அழிக்கவும் இல்லை. அந்த நூலின் மதிப்பு இதில்தான் இருக்கிறது.

இடம் கிடைக்காத உடல்

1546 இல் அக்ரிகோலா கெம்னிற்ஸ் நகரபிதா ஆனார். அந்தப் பதவியை மொத்தம் நான்கு தடவை வகித்தார். நகரமும் அதன் ஆட்சியாளரும் லூதரின் சமயத்துக்கு மாறியிருந்தார்கள். அவர் மட்டும் கத்தோலிக்கராகவே இருந்தார். ஆட்சியாளருக்கு அவரது திறமை தேவைப்பட்டதால் சமயம் தடையாகவில்லை. 1552 இலும் 1553 இலும் கொள்ளைநோய் சக்சனியைத் தாக்கியபோது நோயாளரைப் பார்த்தார். அந்த அனுபவத்தைக் கொண்டு 1554 இல் கொள்ளைநோய் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்.

1555 செப்டெம்பர் 25ஆம் திகதி அவுக்ஸ்பர்க் நகரில் ஒரு சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. ஆட்சியாளரின் சமயமே நாட்டின் சமயம் என்று அது விதித்தது. இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. நவம்பர் 21ஆம் திகதி அக்ரிகோலா கெம்னிற்ஸில் காலமானார். 20 ஆண்டுகளுக்கு மேல் அந்த நகரின் நோயாளரைக் கவனித்தவர், நான்கு தடவை அதன் நகரபிதாவாக இருந்தவர். கத்தோலிக்கர் என்பதால் அந்த ஊரில் அவரை அடக்கம் செய்ய அனுமதி மறுக்கப்பட்டது. உடலை 50 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சைற்ஸ் நகருக்குக் கொண்டுபோய், அங்குள்ள கத்தோலிக்கப் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

டி ரே மெட்டாலிக்காவின் அச்சுப் பிரதியை அவர் பார்க்கவில்லை. படக்கட்டைகள் செதுக்கத் தாமதமானதால், நூல் 1556 இல்தான் பாசலிலிருந்து வந்தது. அடுத்த ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஐரோப்பாவின் சுரங்கங்களுக்கு அதுவே கைநூல். 1912 இல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் சுரங்கப் பொறியியலாளரான ஹேர்பேர்ட் ஹூவரும் அவரது மனைவி லூ ஹென்றி ஹூவரும். அக்ரிகோலா ஆக்கிய இலத்தீன் சொற்களின் பொருளைக் கண்டறிய அவர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. ஹூவர் பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியானார்.

கறுப்புக் கல்லின் பழி

யோவாகிம்ஸ்தாலின் வெள்ளி 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே வற்றத் தொடங்கியது. ஆழத்தில் பாரமான ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. தொழிலாளர் அதைப் பெக்பிளெண்டே என்று அழைத்தார்கள். பெக் என்ற ஜேர்மன் சொல்லுக்குத் தார் என்றும் பொருள் உண்டு, துரதிர்ஷ்டம் என்றும் பொருள் உண்டு. அதைக் குப்பையாக ஒதுக்கினார்கள்.

1789 இல் பேர்லினைச் சேர்ந்த இரசாயனவியலாளர் மார்ட்டின் கிளப்ரோத், தாது மலைகளிலிருந்து வந்த அந்தக் கறுப்புக் கல்லில் யுரேனியத்தைக் கண்டார். 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடிக்கு மஞ்சளும் பச்சையும் ஏற்ற அது பயன்பட்டது. சாயம் எடுத்தபின் எஞ்சிய யோவாகிம்ஸ்தால் கழிவை மேரி கியூரியும் பியேர் கியூரியும் தொன் கணக்கில் வரவழைத்துக் காய்ச்சினார்கள். 1902 இல் அதிலிருந்து 0.1 கிராம் அளவு ரேடியம் குளோரைட்டைப் பிரித்தார்கள்.

இதனிடையே மலையின் மறுபக்கத்தில், சக்சனியின் ஷ்னேபெர்க் சுரங்கங்களில், இரண்டு வைத்தியர்கள் இறந்த தொழிலாளரின் உடல்களை ஆராய்ந்தார்கள். 1879 இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, அங்கு பெரும்பான்மையோரைக் கொன்றது நுரையீரலில் வளர்ந்த புற்று என்பதாகும். யுரேனியம் சிதையும்போது வரும் ரேடன் வாயுவே அதற்குக் காரணம் என்பது 20ஆம் நூற்றாண்டில் தெளிவானது. அக்ரிகோலா பதிந்த மரணங்களில் பாறைத் தூசால் வந்தவையும் காசநோயால் வந்தவையும் இருந்திருக்கும். தாது மலைகளில் அவற்றோடு கண்ணுக்குத் தெரியாத இந்த வாயுவும் சேர்ந்திருந்தது. அவருக்கு அதன் பெயர் தெரியாது. ஆனால் காற்றோட்டம் வேண்டும் என்று அவர் சொன்ன மருந்து, ரேடனுக்கும் அதுவேதான்.

அறிவு வந்துவிட்டதால் மட்டும் அநீதி நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் யாக்கிமொவ் என்ற செக் பெயரோடு அந்த ஊர் சோவியத் அணுகுண்டுக்கு யுரேனியம் தோண்டும் இடமானது. 1950களில் ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகள் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டு அங்கு வேலை வாங்கப்பட்டார்கள். சுரங்கத் தூசு நுரையீரலுக்கு என்ன செய்யும் என்று அக்ரிகோலா அச்சிட்டு அப்போது 400 ஆண்டுகள் ஆகிக்கொண்டிருந்தன.

யுரேனியச் சுரங்கங்கள் 1960களில் மூடப்பட்டன. பழைய சுரங்கம் ஒன்றிலிருந்து வரும் ரேடன் கலந்த வெந்நீரில் இன்று மூட்டுநோயாளர் சிகிச்சைக்காகக் குளிக்கிறார்கள். 2019 இல் தாது மலைகளின் சுரங்கப் பகுதியை யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. அதில் யாக்கிமொவும் அடங்கும்.

சுரங்கங்கள் இன்றும் எங்கெங்கோ திறக்கப்படுகின்றன. கைத்தொலைபேசி மின்கலத்துக்குத் தேவையான கோபால்ட்டுக்காக ஆபிரிக்காவில் மக்கள் கையால் மண்ணைத் தோண்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் வருமானம், வேலைவாய்ப்பு, அந்நியச் செலாவணி என்ற முதற்பகுதி உரத்து வாசிக்கப்படுகிறது. தூசு, தண்ணீர், மூச்சு, விதவைகள் என்ற ஆறாவது பகுதி பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை. அக்ரிகோலா இரண்டையும் ஒரே நூலில் எழுதினார். அவற்றுக்கிடையே தீர்ப்புச் சொல்ல அவரால் முடியவில்லை. ஆயினும் ஏழு முறை விதவையான அந்தப் பெண்களை அவர் எழுதாமல் விட்டிருந்தால், அவர்கள் இருந்தார்கள் என்பதே இன்று நமக்குத் தெரிந்திராது.